நிற்கும் கோடுகள்

முனீஸ்வரன் கோயில் தெருவில்
பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே
வெறும் மரப்பெட்டியாகத்தான் கிடந்தது.
மூடியைத் தூக்கினால் மோட்டார் உண்டு.
சுழலும் தட்டு இல்லை, ஊசி தாங்கும் கையும் இல்லை.
ஜியாவுதீன் நாலாயிரம் என்றார்.
அரைப் பொருளுக்கு முழு விலையா என்றேன்.
"பள்ளத்தூர் வீட்டுச் சாமான்மா.
பங்கு பிரிச்சப்ப யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்ல.
பெட்டி ஒரு பங்கு, தட்டு ஒரு பங்கு, கை ஒரு பங்கு."
சிரித்துச் சிரித்தே
இரண்டாயிரத்து எழுநூறுக்கு முடித்தோம்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள்.
சென்ட்ரிபியூஜ் சுழன்று நிற்கையில்
மேலே மஞ்சள், கீழே சிவப்பு எனப்
பிரிந்து வருவதை நாளெல்லாம் பார்ப்பவள்.
சுழற்றிப் பிரிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
பிரிந்ததைச் சேர்த்துச் சுழற்ற
ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

தட்டு, கண்டனூரில் சாத்தப்பன் வீட்டில்
எலி ஏறாமல் அரிசி டிரம்மின் மேல்
கனமாகப் படுத்திருந்தது.
"வெயிட்டுக்கு வெச்சது. வேற வெயிட் கொண்டாங்க, தர்றேன்."
அடுத்த வாரம் ஒரு குழவிக்கல்லோடு பஸ் ஏறினேன்.
கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார்.

கை, கோட்டையூர் உமையாளின் பீரோவில்
பட்டுப்புடவைகளுக்கு அடியே, துண்டில் சுற்றி.
"என்னத்துக்குன்னு தெரியாது. எங்க பங்கு."
பணம் வாங்கவில்லை.
"ஓடுச்சுன்னா போன் பண்ணுங்க.
சாத்தப்பனுக்கு முன்னாடி எனக்கு."

மோட்டாரைத் திறந்தேன்.
அறுபது வருஷத்து எண்ணெய்
அல்வாவாக இறுகிக் கிடந்தது.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துத் துடைத்து,
தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.
மூன்றாவது சொட்டு ஆசை.

ரப்பர் சக்கரத்தில் ஓரிடம் மட்டும் சப்பை.
கடைசியாகக் கேட்டவர் யாரோ
நெம்புகோலை விடுவிக்காமலே எழுந்து போயிருக்கிறார்.
மோட்டார் தண்டில் அழுந்தியபடி
அது அங்கேயே நின்றிருக்கிறது,
வீடு விற்று, ஓடு பிரித்து, தூண் பெயர்த்து முடியும் வரை.
உப்புத்தாள் காட்டிப் பார்த்தேன்.
சுற்றுக்கொரு தடவை 'டொக்' என்றது.
கோயம்புத்தூரில் புதுசு கடைந்து வர
பதினெட்டு நாள்.

வேகம் பார்க்கக் கோடு போட்ட வட்ட அட்டை இருக்கிறது.
அது ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான் பேசும்.
என் வீட்டில் எல்லாம் எல்இடி.
லேபின் பின்னறையில்,
மூத்திரக் குப்பிகள் அடுக்கிய அலமாரிக்கு மேல்
பழைய சோக் போட்ட ட்யூப் ஒன்று இரைந்துகொண்டிருந்தது.
பெட்டியை ஆட்டோவில் அங்கே கொண்டுபோனேன்.

வேகம் குறைந்தால் கோடுகள் பின்னால் நழுவும்.
கூடினால் முன்னால் ஓடும்.
சரியாக இருந்தால்
தட்டு சுழலச் சுழல, கோடுகள் நிற்கும்.
எட்டேகாலுக்கு நின்றன.
சுகர் ரிசல்ட் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்து
"புது மிஷினா மேடம்? இதுக்கு எவ்வளவு?" என்றார்.
இதற்கு வெறும் வயிற்றில் வரவேண்டாம் என்றேன்.

ஊசியின் பாரத்தை
ரசாயனம் நிறுக்கும் தராசில் இறக்கினேன்.
இரண்டரை கிராம்.
ஜியாவுதீன் இனாமாய்ப் போட்டுத் தந்தது ஒரே ரிக்கார்டு:
மலாய் மொழிப் பாடம்.
கடல் கடந்து கணக்கெழுதப் போகும் யாரோ
படித்திருக்க வேண்டும்.
சாத்து, டுவா, தீகா,
அம்பாட், லீமா, அனாம்,
ஒரு கீறல்,
லாப்பான்.
ஏழைக் காணோம்.
திரும்ப வைத்தேன். திரும்பவும் ஆறு, எட்டு.

பின்பாரத்தைத் திருகி மூன்று கிராம் ஆக்கினேன்.
'துஜூ' என்றது,
தொண்டையைச் செருமிக்கொண்டு.

உமையாளுக்குப் போன் போட்டு
ஸ்பீக்கர் பக்கம் பிடித்தேன்.
பத்து வரை கேட்டுவிட்டு
"இதுக்கா அம்புட்டுச் சண்டை?" என்றார்.
சற்றுப் பொறுத்து,
"சாத்தப்பன் கேட்டா
ஓடலன்னு சொல்லிடுங்க."

இப்போது மாதம் ஒரு சொட்டு எண்ணெய்.
ஊசிக்குப் பின்னிருந்து முன்னாக மட்டும் பிரஷ்.
படுக்கப் போகுமுன்
கேஸை மூடினேனா என்று பார்ப்பதுபோல
இருட்டில் போய்
நெம்புகோலை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்,
விட்டுவிட்டேனா என்று.