கணக்கில் ஒன்று குறைகிறது

கூண்டுக் கதவு விரலகலம் திறந்திருந்தது.
உள்ளே சக்கரம், தண்ணீர்க் குழாய்,
மரத்தூளில் ஓர் உடம்பளவுக் குழி.
கெத்துப்பாட்டைக் காணோம்.

நோன்புப் பெருநாள் வாரத்தில்
சுங்கை பட்டாணிக் கடையில் வாங்கிய வெள்ளெலி.
நாற்பது கிராம்கூட இருக்காது.
பெயர் வைத்தவள் ஷர்விணா.
அவள் அழவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது.
என் கால்சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குத் தெரியும் என் வேலை.
பாடாங் செராய் தாண்டி, பதினேழாம் பிளாக்கில்
மரத்துக்கு ஒன்றாக, செம்பனை அடியில்
எலிமருந்துக் கட்டி வைத்துக்கொண்டே போகிறவன்.
சிவப்பு மெழுகு. தின்ற எலி அன்றே சாகாது,
நாலைந்து நாள் நன்றாகத்தான் ஓடும்.
நேற்று மாலைக் கணக்கில் ஒரு கட்டி குறைந்தது.
மண்டோர் எழுதிக்கொண்டார். நான் சிரித்துவிட்டு வந்தேன்.

பையை வெளியே இழுத்து உதறினேன்.
சாவி, ஐம்பது காசு, மண்.
மோட்டார் கூடையைக் கவிழ்த்தேன். பூட்ஸைத் தட்டினேன்.
இல்லை.
இல்லை என்பது எதற்கும் சாட்சி இல்லை.

அப்புறம்தான் தேடல்.
காற்றாடியை நிறுத்தினோம். கதவிடுக்குகளில் துண்டு திணித்தோம்.
சோபாவை நகர்த்தாதே, நசுங்கிவிடும் என்றாள்.
தரையோடு கன்னம் வைத்து டார்ச் அடித்தோம்.
பக்கத்து வீட்டுக் காக் ரொஹாயா
தன் பூனையை அறையில் போட்டுப் பூட்டினார்.
செய்யாத குற்றத்துக்கு அது இரவெல்லாம் கத்தியது.

அறைக்கு ஏழு குவாசி, எண்ணி வைத்தேன்.
நிலைப்படியில் கோதுமை மாவு தூவினேன்,
கோலம் தெரியாதவன் போட்ட கோலம்.
கூண்டைத் தரையில் திறந்து வைத்து
விளக்கை அணைத்தோம்.

எலியின் வழி எனக்குத் தெரியும்.
சுவரோரமாகவே போகும், வெட்டவெளிக்கு வராது,
இருட்டிய பிறகுதான் பசிக்கும்.
கொல்லக் கற்றது எல்லாம்
ஒரு சொல் மாறாமல் இங்கே உதவியது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.
லோகேஸுக்கு லூனாஸ் கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட்.
கிடைத்ததா, கிடைத்ததா என்று மூன்று மெசேஜ்.
வெளியே ஆந்தை. தோட்டத்துப் பெட்டியில் வளர்வதாக இருக்கும்,
என் வேலையைத்தான் செய்கிறது, சம்பளமில்லாமல்.

இரண்டு மணிக்குச் சத்தம்.
பல் இல்லை, நகம். துணியில் நகம்.
மாவில் கடுகுக் கடுகாய்ப் பாதங்கள்,
சமையலறையிலிருந்து செருப்பு அலமாரி வரை.
அந்த அறையின் ஏழு குவாசியும் காலி.

மோட்டார் ஓட்டும்போது போடும் என் கையுறை,
இடது கை.
கட்டைவிரல் அசைந்தது.

பிடிக்கப் போகவில்லை, துரத்தினால் போய்விடும்.
குளியலறைக் குவளையைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தேன்.
முழங்கால் மரத்துப்போன பிறகு
அதுவாகவே நடந்து வந்தது, இரண்டு கன்னமும் பிதுங்க.

கூண்டில் விட்டதும்
உண்டியல் கவிழ்த்ததுபோல் கொட்டியது.
நாலு, ஐந்து, ஆறு, ஏழு.
எட்டாவதாக, சிவப்பாக ஒன்று.

மெழுகென்றால் நகம் பதியும்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.
பதியவில்லை. இன்னும் அழுத்தினேன்.
சாகா விதை.
பள்ளிக்கூட வேலியோரம் அவள் பொறுக்கி
பென்சில் டப்பாவில் சேர்ப்பது.
கல்லாட்டம் கெட்டி, பல் தடம்கூட இல்லை.

அவளை எழுப்பவில்லை. உள்ளங்கையில் வைத்தேன்,
தூக்கத்திலேயே மூடிக்கொண்டாள்.

கூண்டுக் கதவுக்குத் துணிக் கிளிப் இரண்டு.
கையுறையையும் உள்ளே போட்டேன்.
விடிந்து பஸ் இறங்கி வந்த லோகேஸ் சிரித்தாள்:
லட்சம் கையுறை செய்கிறோம், உனக்கு ஒன்றுக்குப் பஞ்சம்.

ஒரு கையில் மட்டும் குளிர் ஏற, பெரட்டுக்குப் போனேன்.
மண்டோர் நோட்டைத் திறந்தார்.
அந்த ஒன்று?
இன்னும் கணக்கில் வரவில்லை என்றேன்.
புதுப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.
பதினெட்டாம் பிளாக்.