காற்று என்ற சொல்

மூன்று மாதத்துக்கு என்று
எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.
பையில் பாதி துணி, பாதி பட அட்டை:
பந்து, தட்டு, கத்தி, பப்பாளி.
பேசும்போது மூக்கின் கீழே பிடிக்க
ஒரு சின்னக் கண்ணாடி.

உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோ திணறியது.
"சம்பளம் எவ்வளவு தருவினம்?" என்றார் நவநீதன்.
சம்பளம் இல்லை, தன்னார்வலர் என்றேன்.
"அப்ப சும்மாவோ?"
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்:
சும்மாதான்.

ஸ்ரெல்லா அக்கா மாடியறையைத் திறந்து
நுளம்பு வலை, துவாய், சவர்க்காரம் என்று
கட்டிலில் எடுத்து வைத்தார்.
மூன்றும் என் பையிலும் இருந்தன,
வேறு பெயர்களில்.

தூத்துக்குடியில் சிறுமியாக இருந்தபோது
சூரியன் இலங்கையிலிருந்து வருகிறது என்று
யாரிடமும் கேட்காமலே நம்பியிருந்தேன்.
இங்கே ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால்
இங்கும் அது கடலிலிருந்துதான் வருகிறது,
இன்னும் தூரத்திலிருந்து.

தேநீர்க்கடைப் பலகையில் 'ரீ' என்றிருந்தது.
'ரீ' என்றே வாசித்து
கொஞ்ச நேரம் வெளியே நின்றேன்.
கடற்கரை வீதியில் ஒரு புள்ளிமான்
குப்பைத் தொட்டியிலிருந்து தலையை எடுத்து
என்னைப் பார்த்தது.
பிறகு தன் வேலையைப் பார்த்தது.
வாயில் பாண் சுற்றிய தாள்.

மூன்றாம் நாள் அழுதேன்.
காரணம் பெரிதாக இல்லை:
வாளி நிறைய நேரமானது.
போனில் அம்மா, "சாப்பாடு எப்படி?"
நல்லா இருக்கு என்றேன்.
அது உண்மைதான்.
உண்மையைச் சொல்லும்போதும்
குரல் பொய்போல் வந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த அறை
களஞ்சியத்துக்குப் பக்கத்தில்.
முன்பு வந்துபோன யாரோ மாட்டிய நாட்காட்டி
பிப்ரவரியில் நின்றிருந்தது. திருப்பவில்லை.
ஒரே கடிதத்தை மூன்று பிரதி கேட்டார்கள்,
மூன்று நாட்களில், ஒவ்வொன்றாக.

நான்காம் நாள்
கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி
பஸ்ஸில் வந்தாள் ரிஸ்மிலா, ஆறு வயது.
பிளந்திருந்த அண்ணத்தைப் போன வருடம் தைத்திருந்தார்கள்.
'ப' சொன்னாள். கண்ணாடியில் ஆவி இல்லை.
'த' சொன்னாள். கொஞ்சம் படிந்தது, பரவாயில்லை.
காற்று என்றாள்.
நுனிநாக்கு ஈறைத் தொட்டு
அங்கேயே நின்றது.
நடுவில் ஓட வேண்டிய 'ர' ஓடவில்லை.
பெருக்கல் குறி போட்டேன்.
ஊற்று, கீற்று, சோற்றுப் பானை.
இன்னும் மூன்று பெருக்கல் குறி.

"நேற்றும் வந்த நாங்க மிஸ்,
நீங்க இருக்கல்ல" என்றார் அவள் உம்மா.
நேற்று.
அதே நாக்கு, அதே ஈறு, அதே நிறுத்தம்.
வாசலில் சிற்றூழியர் எட்டிப் பார்த்து,
"காற்று வருதில்லையே, ஃபானைப் போடவா?"

பேனா மை அழியாது.
நான்கு குறிகளின் மேலும் கோடிழுத்தேன்.
தாளின் ஓரத்தில்
யார் பிழை என்று எழுதக் கட்டம் இல்லை.

ரிஸ்மிலா கேட்டாள், "நீங்க சொல்லுங்க மிஸ்."
சொன்னேன்.
தைத்த உதடு ஒரு பக்கம் இழுக்கச் சிரித்தாள்.
கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி
என் மூக்கின் கீழே பிடித்து
"திரும்பச் சொல்லுங்க."

அன்றிரவு வலைக்குள் படுத்து
துறைமுக விளக்குகள் எண்ணுவதை விட்டுவிட்டு
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
காற்று.
காற்று.
நாக்கு நிற்க வேண்டிய இடத்தில்
ஒவ்வொரு முறையும் ஊருக்கு ஓடியது.

கீழேயிருந்து ஸ்ரெல்லா அக்கா,
"ஆரோட பிள்ளை கதைக்கிறீர்?"
சும்மாதான் என்றேன்.