இரண்டு மணி

இரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில எடுத்த பஸ்.
நீர்வேலியில வாழைக்குலைக்காரர் ஏறி
கால் வைக்க இடமில்லை.
அந்த நெரிசலுக்குள்ளதான்
மேல்பொக்கெற்றுக்குள்ள ஃபோன் துடிச்சது.

"அன்பார்ந்த வாடிக்கையாளறே,
உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.
முப்பது நிமிடத்துக்குள் கீழே அழுத்தவும்."

வல்லின 'றே' போட்டுக் கூப்பிடுற பாங்கை
அப்பவே பிடிச்சிருக்கலாம்.
பிடிக்கேல்லை.
ஏனெண்டால் அது வந்து குந்தினது
போன மாசம் சம்பளம் விழுந்த மெசேஜுக்கு அடியில,
அதே பேருக்குக் கீழை,
எங்கடை வீட்டுப் பந்தியில
எங்களுக்குப் பக்கத்திலயே இலை போட்டு இருந்த
பிறத்தியான் மாதிரி.

கணக்கில கிடந்தது ஒரு லட்சத்து எண்பத்துமூவாயிரம்.
தவச்செல்வி சீட்டெடுத்த காசு,
குளிக்கிற அறைக்குக் கூரை போட வைச்சது.
மாரியில குடை பிடிச்சுக்கொண்டு குளிக்கிற
குடும்பம் நாங்கள்.

கள்ள நோட்டு எனக்குத் தெரியும்.
இருட்டில, வேர்வையில, ஓடுற பஸ்ஸில
பெருவிரலால ஒருக்கா உரசினால் காணும்.
இதில உரச ஒண்டுமில்லை.
கண்ணாடி. வழுக்கிச்சுது.

அமத்தினன்.
பாங்கின்ரை படம், பாங்கின்ரை நிறம்.
அடையாள அட்டை நம்பர் கேட்டது, குடுத்தன்.
புத்தூர்ச் சந்தியில இறங்குறவையை இறக்கிக்கொண்டே
கார்ட் நம்பரும் குடுத்தன்.

அச்சுவேலி தாண்ட அழைப்பு.
"சேர், உங்களுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும்.
கெதியாச் சொல்லுங்கோ சேர், நேரம் முடியுது."

பதினெட்டு வருசமாய் இந்த றூட்.
கொண்டக்ரர், அண்ணை, டேய், மிச்சக் காசு எங்கை,
இவ்வளவும் கேட்டிருக்கிறன்.
சேர் எண்டு ஒருத்தனும் கூப்பிட்டதில்லை.
உள்ளுக்குள்ள ஏதோ ஒண்டு நிமிர்ந்தது,
சொல்ல வெக்கமாயிருக்கு.
வாயும் திறந்திட்டன்.
"நாலு, ஒண்டு..."

அதுக்குள்ள வல்லை வெளி வந்திட்டுது.
ரெண்டு பக்கமும் தண்ணி, காத்து.
என்ரை பழைய ஃபோனுக்கு அங்கை எப்பவும்
மூச்சு நிண்டுபோகும்.
லைன் அறுந்தது.

அஞ்சு நிமிசம்.
காத்து டிக்கெற் புத்தகத்தைப் படபடவெண்டு புரட்டினது.
அப்பதான் யோசிச்சன்:
"கெதியா மிச்சத்தைத் தாங்கோ, இறங்கோணும்" எண்டு
கத்துறவன்தானே
நூறைத் தந்திட்டு ஐந்நூறெண்டு சாதிக்கிறவன்.
அவசரத்தை விக்கிறவனிட்டை
வேறை சரக்கு இல்லை.

நெல்லியடியில இறங்கி
கார்ட்டின்ரை முதுகில அச்சடிச்ச நம்பருக்கு
நானே எடுத்தன்.
எனக்கு வந்த நம்பருக்கு இல்லை.
ஒரு பிள்ளை கார்ட்டை நிப்பாட்டினது.
"அந்த ஆறு இலக்கத்தை எங்களுக்கும் சொல்லக்கூடாது அண்ணை"
எண்டது, களைச்ச குரலில.
அண்டைக்கு அது எத்தினையாவது தரமோ.

தயாபரன் ஸ்டியறிங்கில கையை வைச்சபடி சிரிச்சான்.
பிறகு சிரிப்பை நிப்பாட்டி, மெதுவாச் சொன்னான்:
வைகாசியில தனக்கு நாப்பதாயிரம் போனது.
மனிசிக்கு இன்னும் தெரியாது,
மோட்டச்சைக்கிளுக்கு எஞ்சின் வேலை எண்டு சொல்லி வைச்சிருக்காம்.
ஒன்பது வருசம் ஒரே பஸ்.
எனக்கும் சொல்லேல்லை.
பறிகொடுத்தவன் வாயைப் பொத்தினால்
கள்ளனுக்கு அடுத்த வீடு சுகம்.

நான் ஒளிக்கேல்லை.
தவச்செல்வியிட்டை அண்டிரவே சொன்னன், "சேர்" உட்பட.
அவள் அதுக்குத்தான் கூடச் சிரிச்சவள்.
இப்ப சோறு போடேக்கை
"சேர், சொதி விடவோ?" எண்டுறாள்.

நேற்றும் ஒண்டு வந்தது.
என்ரை பேரில பார்சல் ஒண்டு தபாலில நிக்குதாம்,
முன்னூற்றைம்பது ரூபா கட்டட்டாம்.
இந்தமுறை எழுத்துப்பிழை இல்லை.
ஆரோ படிச்ச பிள்ளை எழுதிக் குடுத்திருக்கு.

எங்கடை றூட்டில ஹோல்ட் எண்டு ஒண்டுமில்லை.
மதகடியில, வேலியோரம், மாட்டோடை நிண்டு
ஆர் கை காட்டினாலும் நிப்பாட்டுவம்.
இதுக்கு மட்டும்
இரண்டு மணி அடிச்சன்.