குதிரை இருக்குமிடம்

நரான்தூல் சந்தையில் நண்பகலிலேயே மைனஸ் இருபத்தெட்டு.
கப்பல் சரக்குப் பெட்டி ஒன்றுதான் என் கடை.
கதவு திறந்தால் முதலில் குளிர் வரும்,
பிறகுதான் ஆள்.

கொம்போசுரேன் அங்கியின் மார்பு மடிப்புக்குள்ளிருந்து
எடுத்து வைத்தார், ஒரு கழுத்துப்பட்டை.
"முன்னோடிக் குதிரையுடையது. பனியில் கிடந்தது.
ஒன்பது நாளாய்ப் பேச்சில்லை."
பேசாதது கருவியா, குதிரையா
என்று நான் கேட்கவில்லை.

நான்கு திருகு. உள்ளே வியர்வை உப்பு, ஒரு பிடரிமயிர்.
மீட்டர் முனைகளை வைத்ததும் பீப்,
பீப் வரக்கூடாத இடத்தில்.
விரிசல் விட்ட கெப்பாசிட்டர்:
ஒரு மில்லிமீட்டர் நீளம், அதில் பாதி அகலம்,
இரு முனையிலும் வெள்ளிப் பூண் போட்ட
ரவை ஒன்று.
அதே மதிப்பில் நாடாவில் மிச்சம் இருந்ததும் ஒன்று.

கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கும் ஊர்.
மணிக்கட்டில் தரைக்கம்பியைக் கட்டிக்கொண்டேன்.
நுண்ணோக்கிக்குக் கீழே
என் விரல் நடுக்கம் நிலநடுக்கம்.
விரலுக்கும் நாடி உண்டென்று
இந்தத் தொழிலுக்கு வந்துதான் தெரிந்தது;
இரண்டு துடிப்புக்கு நடுவே வைக்க வேண்டும்.
"மூச்சு விடாதே" என்றேன்.
எனக்குத்தான் சொன்னேன்.
அவரும் நிறுத்திக்கொண்டார்.

வெப்பக்காற்று. சாம்பல் நிற ஈயப்பசை பொரிந்து
சட்டென்று கண்ணாடியானது,
இடப்பக்கம் மட்டும்.
முந்தி உருகிய பக்கம் இழுக்க
ரவை எழுந்து நின்றது,
யாருமற்ற பச்சை வெளியில்
ஒரு நடுகல்.

இடுக்கியால் தொட்டேன்.
காணோம்.

மேசை, மடி, பிறகு தரை.
இருவரும் முழங்காலில் ஊர்ந்தோம்.
மலைச்சரிவில் தூசி எழுந்தாலே
யார் வீட்டு மந்தை என்று சொல்கிறவர்
என் கம்பளத்தில் கண்டெடுத்தது
பைன் கொட்டை ஓடு மூன்று, பொத்தான் ஒன்று.
பொத்தான் என்னுடையது. நன்றி சொன்னேன்.
அந்த ரவை இன்றுவரை கிடைக்கவில்லை.

செத்த கைபேசிகளின் டப்பாவைக் கவிழ்த்து
அளந்து அளந்து
ஒன்றைப் பெயர்த்தெடுத்தேன்.
இந்த முறை காற்று வேண்டாம், கூர்முனை போதும்.
ஒரு பக்கம் பிடித்தது.
மறுபக்கத்தில் ஃபிளக்ஸ் புகைந்து
ஈயம் தானே ஓடி ஏறி
பூணைக் கவ்வியது.
அந்த ஓட்டம் என் கைவேலை இல்லை.
சூட்டைக் காட்டினேன், விலகினேன்.

இரும்புக் கூரைக்குள் செயற்கைக்கோள் எட்டாது.
வெளியே போனோம்.
பட்டையை இரு கையிலும் ஏந்தி நின்றார்
தொப்பியைக்கூட இழுத்துவிடாமல்.
நான்கு நிமிடம். ஆறு.
இமைமயிரில் பனி கட்டத் தொடங்கிய பிறகு
அவர் கைபேசி வரைபடத்தில்
புள்ளி விழுந்தது:
டயர்க் குவியலுக்கும்
ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டைக் கடைக்கும் நடுவே
நிற்கிறது முன்னோடிக் குதிரை.

கொம்போசுரேன் திரையைப் பார்த்தார்.
தன் காலடியைப் பார்த்தார்.
"நகரத்துக்கு அவள் வந்ததே இல்லை" என்றார்,
சிரிக்காமல்.