வில்லனின் இடது கோரைப்பல்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
சாப்பிடாத கதாநாயகனை நான் நம்புவதில்லை.
எத்தனை காலைச் சாப்பாட்டு மேசைகள்!
ஆலிவ், பாலாடைக்கட்டி, தேன், ஏழு வகை ஜாம்.
ஒருவன் கோபித்துக்கொண்டு எழுந்து போவான்,
ஒருத்தி அவன் பின்னால் ஓடுவாள்,
மாமியார் மட்டும் ஒரு மிடறு தேநீர்.
அந்த ஜாமையெல்லாம் யார் தின்கிறார்கள்?
விளக்குப் பிடிப்பவர்கள் என்கிறான் நோல்பெர்த்தோ.
இருக்கலாம். அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
காலை பத்துக்குத்தான் விடியும்
மாலை ஐந்தரைக்கே முடிந்துபோகும்.
நடுவே பல்செட் செய்கிறேன்.
மிச்ச நேரம் இஸ்தான்புல்லில் இருக்கிறேன்.
அங்கே எல்லோரும் எங்கள் சிலே நாட்டு ஸ்பானிஷ்தான்,
வாயை மூடிய பிறகும் இரண்டு நொடி பேசுவார்கள்.
போன வருடம் சொந்தத் தம்பியைச் சுட்டவனின் குரல்
இந்த வருடம் குழந்தைகள் மருத்துவருக்கு.
அவர் 'பயப்படாதே கண்ணு' என்னும்போதெல்லாம்
'ஓடிப்போ' என்று கத்துகிறேன்.

ஞாபகம் மறந்துபோவது: சரி, தொடருக்கு ஒரு முறை.
ஒட்டுக்கேட்பது: அந்த மாளிகையில்
கதவு சாத்தத் தெரிந்த மனிதர் ஒருவரும் இல்லை.
இங்கே சாத்தாவிட்டால்
காற்று கதவையே கொண்டுபோய்விடும்.

தொழில் புத்தி, என்ன செய்ய,
எல்லோரும் கண்ணைப் பார்க்கிற இடத்தில்
நான் வாயைப் பார்க்கிறேன்.
என் மேசையில் பதினாறு நிறப் பல் அட்டை.
அவர்களுக்கோ பதினேழாவது நிறம்,
கழிப்பறைப் பீங்கான் நிறம்.
கூலிக்காரியின் மகளுக்கும் அதே,
ஒன்பது வருடம் சிறையில் கிடந்து வந்தவனுக்கும் அதே.
வில்லன் ஒருவனுக்குத்தான்
இடது கோரைப்பல் சற்றே திரும்பி
பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்திருக்கும்,
பேருந்தில் தூங்கிப்போனவன் மாதிரி.
அவன் சிரித்தால் நான் அவன் கட்சி.
ஆலையைக் கொளுத்தினான். அப்போதும்.

இரண்டாம் பருவத்தில்
சொல்லாமல் கொள்ளாமல் நிமிர்த்திவிட்டார்கள்.
கதையில் எட்டு நாள்கூடக் கடக்கவில்லை!
ஒரு வாரம் கோபத்தில்
பாட்டுப் போட்டி பார்த்தேன்.
நடுவர்கள் எல்லாப் பாட்டுக்கும் அழுகிறார்கள்,
அப்படி அழுதால் அழுகைக்கு என்ன மரியாதை?
திரும்பி வந்துவிட்டேன்.

நோல்பெர்த்தோ நண்டுப் படகுக்காரன்.
மேல்வரிசை முழுக்கப் போய்விட்டது.
'அந்தக் கப்பல் முதலாளிப் பையன் பல் மாதிரி வை, எதெல்மிரா.'
உனக்கு அறுபத்து மூன்று,
அந்தப் பல்லுக்கு இருபத்தாறு,
ஒரே வாயில் சண்டை வரும் என்றேன்.
'வரட்டுமே. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்
சண்டை போட?'

அட்டையின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் எடுத்தேன்.
மெழுகில் பதிக்கும்போது
இடது கோரைப்பல்லை
ஒரு மயிரிழை திருப்பினேன்.
இல்லை, இரண்டு மயிரிழை.

கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தான்.
நாக்கால் தட்டிப் பார்த்தான்.
'இது கோணலாயிருக்கிறதே.'
'ஆமாம்.'
'எங்கேயோ பார்த்த மாதிரியும் இருக்கிறது.'
கைகழுவப் போய்விட்டேன்.

கடைசிப் பகுதி ஓடிய இரவு
காற்று மின்கம்பத்தைச் சாய்த்துவிட்டது, எங்கள் தெருவில் மட்டும்.
இருட்டில் அந்தத் தொலைக்காட்சியைப் பார்த்தபடி
முழு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்,
விளம்பர இடைவேளைக்குத் தேநீர் போட எழுந்ததும் உண்டு.

மறுநாள் ரொட்டிக்கடையில் சொன்னார்கள், செத்துவிட்டானாம்.
தபால்காரியும் அதையே சொன்னாள்,
பாலத்திலிருந்து, மழையில், ஒற்றை ஷூவோடு.
சாயங்காலம் நோல்பெர்த்தோ வந்தான்.
கலஃபாத்தே ஜாமை ரொட்டியில் தடித்துப் பூசி
புதுப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னான்:
'எவன் சொன்னது? தப்பித்துவிட்டான்.
படகு ஒன்று காத்திருந்தது.'
சொல்லிவிட்டுச் சிரித்தான்,
பல்லெல்லாம் ஊதா நிறம்.

ஊரே ஒரு பக்கம்.
இருக்கட்டும்.
இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்து
'படகு என்ன நிறம்?' என்றேன்.