இரண்டு லிட்டர் க்லஸ்

முதல் நாள் 'க்லஸ்' வேண்டும் என்றாள்.
கண்ணாடி வெட்டுகிற பக்கம் கைகாட்டினேன்.
இல்லை, நிறம்.
ஜன்னல் பலகைக்கு, இரண்டு லிட்டர்.

பில்லுக்குப் பேர் கேட்டேன். நூலா என்றாள்.
நூலா? என்றேன்.
நூலா, என்றாள், வினாக்குறி இல்லாமல்.

ஜெலுத்தோங்கில் எங்கள் கடை.
கலக்கும் இயந்திரத்துக்கு ஆயிரத்து நானூறு நிறம் தெரியும்.
பச்சை அட்டைகளை விசிறியாய் விரித்தேன்.
ஒவ்வொன்றாக மடக்கினாள்.
இது சாயம். சாயப் பச்சைக்கு ஐரிஷில் வேறு சொல்.
க்லஸ் என்றால் முளைத்தது:
புல், பாசி, வெங்காயத் தாள்.
சரியென்று புல்லுக்குப் போனேன்.
குதிரையும் க்லஸ்தான் என்றாள்.

பச்சைக் குதிரை
நாங்கள் பள்ளித் திடலில் தாண்டியது;
அதற்கு நிறம் கிடையாது.
அவளுடையது சாம்பல் குதிரை. சாம்பல் ஆடு.
குளிரெடுக்கும் காலை.
வேலை பழகாத பையன்.
அவள் சொல்லச் சொல்ல
பச்சைத் தண்ணீரை நினைத்தேன், பச்சைப் பொய்யை,
பிறந்து ஆறு நாளான பச்சைப் பிள்ளையை.

பக்கத்து வேல்ஸில் இதே சொல்
நீலத்துக்குக் குடிபோய்விட்டதாம்.
பழைய சாயச் செடி ஒன்றும் அதே வேர் என்பார்களாம்.
சாயம் இல்லை என்றாயே?
பதில் சொல்லாமல் சிரித்தாள்.

டின் குலுங்கும் மூன்று நிமிடத்தில் இலக்கணம்.
பெயருக்குப் பின்னால்தான் நிற்கும்,
பில்லில் நான் எழுதும் 'சாட் ஹிஜாவ்' மாதிரி:
முதலில் பெயிண்ட், அப்புறம் பச்சை.
முன்னால் இருப்பது ஆண்பால் என்றால்
க்லஸ் விறைப்பாக நிற்கும்.
பெண்பால் என்றால் முதல் எழுத்து இளகும்.
கடல் அவர்களுக்குப் பெண்பால்.
எங்களுக்கு அஃறிணை,
யாரும் அதற்காக இளக வேண்டியதில்லை.

எப்படி இளகும்?
தொண்டைக்குள் காட்டினாள்.
அட, 'பகல்' நடுவில் இருக்கிற க!
யோசிக்காமலே நாள் முழுக்க நாங்கள் சொல்வது.
எங்கள் பச்சையும் உடம்பை வளைக்கும்,
புல் வந்தால் பசும்புல், கிளி வந்தால் பைங்கிளி,
ஆனால் வாசலிலேயே நின்று,
வருகிறது யார் என்று பார்த்து.

போகையில் பூட்டு ஒன்று எடுத்தாள்.
அதற்கும் க்லஸ்தான் பேர்.
உறவில்லை என்றாள்,
குடும்பச் சண்டை போல.

மறுவாரம் டின்னோடு வந்தாள்.
ஈரத்தில் க்லஸ், காய்ந்ததும் சாயம்.
கறுப்பு இரண்டு சொட்டு விட்டேன்.
மறுபடி வந்தாள். வெள்ளை, அரைச் சொட்டு மஞ்சள்.
அ சூன் கணக்குப் பார்த்து முனகினான்.
அப்புறம் வரவில்லை.

ஏழு மணி ஃபெரியில் பட்டர்வொர்த் திரும்புகிறேன்.
தூரத்து மலைதான் க்லஸ், அவர்கள் ஊர்ப் பழமொழி.
இக்கரைக்கு, என்று நான் தொடங்கியதுமே
முடிக்காதே, புரிந்தது என்றிருந்தாள்.
நான் தினம் இரண்டு கரையும் பார்க்கிறவள்:
கிரேன், எண்ணெய்த் தொட்டி, அடுக்குமாடி.
நடுக்கடலில் மழை பிடித்தது.

போனில் ஒரு படம்.
சாத்திய பலகை, சாரல், பித்தளைப் பூட்டு.
கீழே:
நனையும்போது மட்டும் சரியாக இருக்கிறது.
அந்த எண்ணைக் குறித்து வை.