பக்கம் அறுபத்தொன்று

சௌராஸ்தா சந்தை மாடியில் உஸ்மான் கனி
எடைக்கு வாங்கிய மூட்டையில் கிடந்தது.
வெள்ளி நிற அட்டை, மூக்கு கிழிந்த ராக்கெட்,
முதுகில் கறையான் வைத்த மண்.
பாஷை தெரியாத புத்தகத்துக்கு
என்ன விலை சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை.
மூன்று வெள்ளி என்றார். இரண்டுக்குத் தந்தார்.

கதைக்காக வாங்கவில்லை.
உள்ளே ஒரு படம்:
அழுத்தமானி, மூன்று வால்வு, எண்ணெய்க் குழாய்,
குழாய் மடங்கும் இடத்தில்
ஒரு கசிவைக்கூட வரைந்திருந்தான் படம் போட்டவன்.
இருபத்தாறு வருடம் ஃபெர்ரியின் அடிவயிற்றில் நிற்பவனுக்கு
கசிவு தெரிந்த ஆளைக் கண்டால்
கைகொடுக்கத் தோன்றும்.

எழுதியவர் ஃபெர்னான் கொர்வெசியே.
பின்னட்டையில் அவரைப் பற்றி ஆறு வரி.
அலைபேசியை மேலே பிடித்தால்
பிரெஞ்சு நடுங்கும், கலையும்,
தமிழ் மாதிரி ஒன்று வந்து உட்காரும்.
லிமோஜ் நகரம். பீங்கான் ஆலையில் கணக்கர்.
"பகலில் அவர் தட்டு. இரவில் அவர் கிரகம்."
பதினான்கு நாவல்.
பிறகு 1911 போட்டு ஒரு சிறு கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் அட்டை.

தேடிப் பார்த்தேன்.
அதே பெயரில் ஒரு பல் மருத்துவர் வந்தார்.

பட்டர்வொர்த்தில் மோட்டார்சைக்கிள்கள் ஏறி முடிவதற்குள்
அரைப் பக்கம். இப்படி நான்கு மாதம்.

கதை பினாங்கில்தான் தொடங்குகிறது.
மனிதர் வந்து பார்த்தவர் இல்லை;
பார்த்திருந்தால்
கொடிமலை உச்சியில் பனி கொட்ட விட்டிருக்க மாட்டார்,
துறைமுகத்தில் ஒட்டகம் கட்டியிருக்க மாட்டார்.
ஆனால் ஒரு கோள் வைத்திருந்தார்,
அங்கே மழை தரையிலிருந்து மேலே பெய்யும்.
வீடுகளுக்குக் கீழேதான் கூரை.
அதைப் படித்த அன்று
செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்தேன்.

நாற்பதாம் பக்கத்தில் என்ஜின் அறைக்கு ஒருவன் வந்தான்.
அலைபேசி அவனை "வைரஸ் நண்பன்" என்றது.
விரல் வைத்து எழுத்துக்கூட்டினேன்.
வீ. ரா. சா. மி.

வியாழனைத் தாண்டிப் போகும் கப்பலில்
நம் ஆள் பம்பு பார்க்கிறான்!
இரும்பில் காதை வைத்து நோயைச் சொல்கிறான்.
ஹாலிமைக் கூப்பிட்டுக் காட்டினேன்,
எண்ணெய்க் கையோடு அவனும் குனிந்து பார்த்தான்.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் மூன்றாம் பம்பு நிற்கிறது.
வீராசாமி விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறான்.
மேலிருந்து மூடியைச் சாத்துகிறார்கள்.

அவ்வளவுதான்.

அதன்பிறகு நூற்றிருபது பக்கம்.
கலகம் உண்டு, முத்தம் உண்டு,
பச்சைத் தோலில் ஒரு ராணி உண்டு.
பம்பு ஓடுகிறது. யார் ஓட வைத்தார் என்று இல்லை.
கப்பல் திரும்பி வந்து இறங்குகிறது, கேப்டனுக்கு மாலை.
வந்தவர்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார்கள்,
நாய் உட்பட.
கடைசி வரியை மூன்று முறை படம்பிடித்தேன்.
செத்தான் என்றாவது எழுதியிருக்கலாம்.
மறந்துவிட்டார் மனிதர்.

அன்றிரவு அவரைத் திட்டாத திட்டில்லை.
தட்டு எண்ணிய கணக்கருக்கு
ஒரு ஆள் குறைவது தெரியாதா?
உடைந்த பீங்கானுக்கே தனிப் பத்தி வைத்திருப்பாரே.

பிறகு அந்தக் கோடு ஞாபகம் வந்தது.
1911, கோடு, ஒன்றுமில்லை.
இவரையும் யாரோ கீழே அனுப்பி
மூடியைச் சாத்திவிட்டு
விருந்துக்குப் போயிருக்கிறார்கள்.

கடைசிப் படகைக் கட்டியபின்
புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில்,
பென்சிலால், லாக் புத்தகத்தில் எழுதுகிற மாதிரியே:

23.40. மூன்றாம் பம்பு சரி.
எண்ணெய் அழுத்தம் சரி.
வீராசாமி மேலே வந்தான்.
கூட ஒரு வெள்ளைக்காரர், வயதானவர்,
சட்டையெல்லாம் கரி.
பட்டியலில் பெயர் இல்லை.
விசாரித்ததில் கணக்கர் என்றார்.
இருவருக்கும் கோப்பி கொடுக்கப்பட்டது.